பெக்கன்ட்ரீ குறிப்புகள்: டாகன்ஹாமின் கவுன்சில் வீடுகளுக்கிடையே

திங்கள்

லண்டனைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஈஸ்ட் ஹாம் நிலையத்தில் மேற்கே செல்லும் ரயிலில்தான் ஏறுவார்கள். நாடாளுமன்றமும் அரண்மனைகளும் அந்தத் திசையில்தான் இருக்கின்றன. நான் எதிர்ப்புற நடைமேடையில் நின்று, அப்மின்ஸ்டர் செல்லும் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலைப் பிடித்தேன். பார்கிங், அப்னி, அடுத்தது பெக்கன்ட்ரீ. இறங்கி வெளியே வந்தபோது, பார்த்தவுடன் படமெடுக்கத் தோன்றும் எதுவும் கண்ணில் படவில்லை. கீழ்த்தளமும் ஒரு மாடியும் கொண்ட சிறிய வீடுகள், நான்கும் ஆறுமாக ஒட்டிக்கொண்டு தெருவின் இருபுறமும் நீள்கின்றன. அந்தத் தெரு முடியும் இடத்தில் அதைப் போன்ற இன்னொரு தெரு தொடங்குகிறது. வெகுநேரம் நடந்த பிறகும் காட்சி மாறவில்லை.

ஒரு காலத்தில் உலகிலேயே மிகப்பெரிய அரசுக் குடியிருப்பு என்று பெயர் பெற்ற இடம் இது. ஏறத்தாழ நான்கு சதுர மைல் பரப்பில் சுமார் 26,000 வாடகை வீடுகளை அன்றைய லண்டனின் உள்ளாட்சி அமைப்பான லண்டன் கவுண்டி கவுன்சில் 1921-இல் தொடங்கி 1930-களின் நடுப்பகுதிக்குள் கட்டி முடித்தது. முதல் உலகப் போர் முடிந்ததும், திரும்பி வரும் வீரர்களுக்குத் தகுதியான வீடுகளைத் தருவதாகப் பிரதமர் லாயிட் ஜார்ஜ் வாக்களித்திருந்தார். 1919-இல் கிறிஸ்டோபர் அடிசன் கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டம் அந்த வாக்குறுதிக்கு மானியத்தை ஒதுக்கியது. அதுவரை உள்ளாட்சிகள் மனம் வைத்தால் செய்யலாம் என்றிருந்த வீடு கட்டும் வேலையை அவற்றின் கடமையாக்கியதும் அந்தச் சட்டம்தான். நகரத்துக்குள் நிலம் இல்லாததால், கவுன்சில் தன் எல்லையைத் தாண்டி எசெக்ஸுக்குள் வந்து, லண்டன் சந்தைகளுக்குக் காய்கறி விளைவித்துக்கொண்டிருந்த தோட்டங்களைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. டாகன்ஹாமின் மக்கள்தொகை 1921-இல் 9,000-ஐச் சற்றே தாண்டியிருந்தது. 1931 கணக்கெடுப்பில் அது 89,000-ஐக் கடந்துவிட்டது.

இவ்வளவு பெரிய திட்டத்தில் வேலைக்கு வழி என்ன என்பதை யாரும் முன்கூட்டி யோசித்ததாகத் தெரியவில்லை. வீடுகள் எழுந்தபோது பள்ளிகள் போதவில்லை, கடைகள் போதவில்லை, மருத்துவமனையும் அருகில் இல்லை. குடிவந்த ஆண்கள் விடியற்காலையில் எழுந்து, தாங்கள் விட்டு வந்த கிழக்கு லண்டனுக்கே ரயிலில் வேலைக்குப் போனார்கள். நான் இன்று இறங்கிய நிலையத்துக்கு டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில்கள் வரத் தொடங்கியதே 1932-இல்தான்.

செவ்வாய்

வேலன்ஸ் அவென்யூ மற்றத் தெருக்களைவிட மிக அகலமாக இருக்கிறது. அழகுக்காக விட்ட அகலமன்று. கட்டுமானக் காலத்தில் இந்தச் சாலையின் நடுவே தற்காலிக ரயில்பாதை ஓடியது; தேம்ஸ் நதிக்கரையில் கப்பலிலிருந்து இறக்கிய பொருட்களும், குட்மேய்ஸ் ரயில் நிலையத்தருகே இறக்கிய பொருட்களும் இத்தகைய பாதைகள் வழியாகத்தான் கட்டுமான இடங்களுக்கு வந்து சேர்ந்தன. வேலை முடிந்ததும் தண்டவாளத்தை அகற்றினார்கள், அகலம் மட்டும் நின்றுவிட்டது.

தெருக்களின் அமைப்பை இன்று நிதானமாகப் பார்த்தேன். ஒரே மாதிரி என்று நேற்று தோன்றியது முழு உண்மையில்லை. கட்டடக் கலைஞர்கள் தொண்ணூறுக்கும் மேற்பட்ட வீட்டு வடிவங்களைக் கையாண்டிருக்கிறார்கள்; கூரையின் சாய்வு, வாசலின் மேலிருக்கும் சிறு வளைவு, சன்னலின் அளவு என்று வேறுபாடுகள் இருக்கின்றன. பிரதான தெருவிலிருந்து குறுகலான ஒரு சந்து உள்ளே போய், குடம் போல் விரிந்து, அதைச் சுற்றி ஏழெட்டு வீடுகள் நிற்கும் அமைப்பு அடிக்கடி வருகிறது. உள்ளூர்க்காரர்கள் இதற்கு ‘பாஞ்சோ’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெளி வண்டிகள் நுழையாத இந்த இடங்களில் மூன்று தலைமுறைக் குழந்தைகள் விளையாடியிருக்கின்றன. இன்று நடுவில் கார்கள் நிற்கின்றன.

வேலன்ஸ் ஹவுஸ், குடியிருப்பு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கிருந்த பண்ணை மாளிகை. டாகன்ஹாமின் பழைய மாளிகைகளில் எஞ்சியது இது ஒன்றே. இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது, பழைய அகழியின் ஒரு பகுதியும் மிஞ்சியிருக்கிறது. தேநீர்க் கூடத்தில் என் மேசைக்கு எதிரே அமர்ந்திருந்த மூதாட்டி, தன் பெற்றோர் கிழக்கு லண்டனின் போப்லர் பகுதியிலிருந்து இங்கே குடிவந்த கதையைச் சொன்னார். போப்லரில் ஒரு வீட்டுக்குள் மூன்று குடும்பங்கள் இருந்தன; கழிப்பறை முற்றத்தில் இருந்தது; குளிப்பதற்கு அடுப்படியில் தகரத் தொட்டியை இறக்கி வைப்பார்கள். இங்கே வந்த முதல் நாள் தன் தாயார் குளியலறைக் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டேயிருந்தாராம்.

அந்த வசதிக்கு விலை இருந்தது. பழைய குடியிருப்பில் கொடுத்ததைவிட இங்கே வாடகை கூடுதல், அதன்மேல் ரயில் செலவு வேறு. வாடகை ஒழுங்காகக் கொடுக்கக்கூடிய, நிரந்தர வேலையில் இருக்கும் குடும்பங்களைத்தான் கவுன்சில் தேர்ந்தெடுத்தது. ஆகவே நெரிசலில் மிக மோசமாக வாடிய கூலிகளும் துறைமுகத்தின் தினக்கூலிகளும் பெரும்பாலும் வெளியிலேயே நின்றுவிட்டார்கள். இந்த ஊரைப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 26,000 வீடுகளுக்குள் யார் நுழையலாம் என்ற கேள்வி இங்கே முதல் நாளிலிருந்தே இருக்கிறது. பதில்தான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

உள்ளே நுழைந்தவர்களுக்கு ஒரு கையேடு தரப்பட்டது. சன்னல்களை வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும், முன்தோட்டத்தைச் சீராக வைத்திருக்க வேண்டும் என்று அதில் விதிகள் இருந்தன. வீட்டுக்கு முன்னாலிருந்த பிரிவெட் புதர்வேலி எல்லா வீட்டிலும் ஒரே உயரத்தில் இருந்தாக வேண்டும். நல்ல தோட்டத்துக்குப் பரிசும் உண்டு. “விதிகள் எரிச்சலாக இருக்கவில்லையா?” என்று மூதாட்டியிடம் கேட்டேன். அவருடைய தந்தை இரண்டு முறை பரிசு வாங்கியவர் என்று பதில் வந்தது.

மாலையில் பார்ஸ்லோஸ் அவென்யூவில் கிங்ஸ்லி ஹாலைப் பார்த்தேன். வட்டமேசை மாநாட்டுக்காக 1931-இல் லண்டன் வந்த காந்தி, பௌ பகுதியில் இதே பெயருள்ள மண்டபத்தில் தங்கியது நம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். அதை நடத்திய மூரியல் லெஸ்டரின் முயற்சியால் எழுந்ததுதான் டாகன்ஹாம் மண்டபமும். கூடுவதற்கு இடமே இல்லாத புதிய குடியிருப்பில் கூட்டங்களும் வகுப்புகளும் நடக்க இப்படிப்பட்ட மண்டபங்களும் தேவாலயங்களும்தான் வழிசெய்தன. ஸ்காட்லாந்துக்காரர்கள் வாசிக்கும் பேக்பைப் என்ற பைக்குழலை இசைக்கும், பெண்கள் மட்டுமே கொண்ட குழுவான ‘டாகன்ஹாம் கேர்ள் பைப்பர்ஸ்’ 1930-இல் இங்கேயுள்ள ஒரு தேவாலயத்தின் ஞாயிறு வகுப்புச் சிறுமிகளிலிருந்துதான் தோன்றியது. ஸ்காட்லாந்துக்கும் டாகன்ஹாமுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. போதகருக்கு அந்த இசை பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

புதன்

வேலை கடைசியில் தேம்ஸ் கரையோரத்திலிருந்து வந்தது. சதுப்பு நிலத்தில் ஃபோர்டு நிறுவனம் எழுப்பிய தொழிற்சாலை 1931-இல் உற்பத்தியைத் தொடங்கியது. ‘மே அண்ட் பேக்கர்’ மருந்து நிறுவனமும் 1934-இல் டாகன்ஹாமுக்கு வந்தது. 1950-களில் ஃபோர்டில் மட்டும் சுமார் 40,000 பேர் வேலை செய்தார்கள். குடியிருப்பின் கடிகாரமே தொழிற்சாலையின் ஷிஃப்ட் நேரமாக இருந்தது என்று இன்று பேருந்தில் பக்கத்தில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் சொன்னார்.

கார் இருக்கைகளின் உறையைத் தைத்த 187 பெண்கள் 1968 ஜூனில் வேலைநிறுத்தம் செய்தது இந்தத் தொழிற்சாலையில்தான். அவர்களுடைய வேலையைக் குறைந்த திறன் வேலை என்று நிர்வாகம் வகைப்படுத்தியதுதான் காரணம். உறையில்லாத இருக்கைகள் குவிந்ததும் கார் உற்பத்தி நின்றது. அமைச்சர் பார்பரா காசில் நேரடியாகத் தலையிட்டார். சம ஊதியச் சட்டம் 1970-இல் வருவதற்கு இந்தப் போராட்டம் ஒரு காரணம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் அந்தப் பெண்கள் கேட்ட தரநிலை அப்போது கிடைக்கவில்லை. இன்னொரு வேலைநிறுத்தம் நடத்தி 1984-இல்தான் பெற்றார்கள். கொண்டாட்டப் பேச்சுகளில் இந்தப் பதினாறு ஆண்டுகள் வசதியாக விடுபட்டுப்போகின்றன.

2002 பிப்ரவரியில் டாகன்ஹாமின் கடைசி ஃபோர்டு கார் வெளியே வந்தது. உலோகத் தகடுகளை அழுத்திக் காரின் உடற்பாகங்களைச் செய்யும் பிரிவு 2013-இல் மூடப்பட்டது. எஞ்சியிருப்பது எஞ்சின் தயாரிப்பு மட்டுமே. பழைய ஃபோர்டு நிலத்தில் அடுக்ககங்கள் எழுகின்றன. மருந்துத் தொழிற்சாலை இருந்த இடத்தில் திரைப்பட ஸ்டூடியோக்கள் வந்திருக்கின்றன.

வியாழன்

காலையிலிருந்து மழை. குடையோடு தெருத் தெருவாக வீட்டு முகப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். இந்த ஊரில் மிகவும் சுவையான வேலை அதுதான் என்று சொல்வேன்.

இந்த வீடுகளின் உரிமை, லண்டன் கவுண்டி கவுன்சில் 1965-இல் கலைந்தபோது அதன் இடத்துக்கு வந்த கிரேட்டர் லண்டன் கவுன்சிலுக்குப் போனது. 1980-இல் உள்ளூர்க் கவுன்சிலான பார்கிங்-டாகன்ஹாம் பரோவின் கைக்கு வந்தது. அதே 1980-இல் மார்கரெட் தாட்சர் அரசு கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டம், மூன்று ஆண்டுகள் குடியிருந்த வாடகைதாரர்களுக்குத் தங்கள் வீட்டை வாங்கும் உரிமையைக் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு சந்தை விலையில் 33 விழுக்காடு தள்ளுபடி. அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு விழுக்காடு சேர்ந்து 50 வரை போகும். தந்தையார் காலத்திலிருந்து வாடகை கொடுத்து வந்த குடும்பங்களுக்கு இது கனவிலும் எதிர்பாராத வாய்ப்பு. அடுக்குமாடிக் குடியிருப்புகளைவிடத் தோட்டத்தோடு கூடிய தனி வாசல் வீடுகளுக்குத்தான் தேவை அதிகம். பெக்கன்ட்ரீயில் இருந்தவை பெரும்பாலும் அவையே. ஏறத்தாழப் பாதி வீடுகள் தனியார் உடைமையாகிவிட்டன.

வாங்கியவர்கள் முதலில் செய்த காரியம், இது இனிமேல் கவுன்சில் வீடு இல்லை என்று தெருவுக்குத் தெரிவிப்பது. அந்த அறிவிப்புகளை இன்றும் படிக்கலாம். ஒரு வீட்டின் முகம் முழுவதும் செயற்கைக் கற்பலகை ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் கூழாங்கல் பதித்த சாந்து. அதற்கடுத்த வீட்டில் வாசலுக்கு முன் இரண்டு வெள்ளைத் தூண்கள், அவற்றின் மேல் சிங்கங்கள். கதவுகளின் நிறங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதைப் பார்த்து முகம் சுளிக்கும் கட்டடக் கலை அன்பர்கள் உண்டு. எனக்கு அந்தச் சிங்கங்கள் பிடித்திருந்தன. வேலியின் உயரத்தைக்கூட யாரோ தீர்மானித்த வீட்டில் அரை நூற்றாண்டு வாழ்ந்தவருக்குத் தன் வாசலில் இரண்டு சிங்கங்கள் வைத்துக்கொள்ள உரிமை இருக்கிறது.

கேடு அந்தச் சிங்கங்களில் இல்லை, கணக்கில் இருக்கிறது. விற்று வந்த பணத்தைக் கொண்டு புதிய வீடுகள் கட்ட விடாமல் கவுன்சில்களுக்கு மத்திய அரசு கடும் வரம்புகளை விதித்தது. ஆகவே ஒவ்வொரு விற்பனையும், காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் யாரோ ஒருவருக்கு ஒரு வீடு குறைந்தது என்றாகியது. முதலில் வாங்கியவர்கள் முதுமையில் விற்றுவிட்டு எசெக்ஸ் கடற்கரை ஊர்களுக்குப் போனார்கள், அல்லது இறந்துபோனார்கள். அடுத்து வாங்கியவர்களில் பலர் அங்கே குடியிருக்க வரவில்லை. வாடகைக்கு விட வந்தார்கள். மூன்று படுக்கையறை வீட்டின் கூடத்தையும் ஒரு அறையாக்கி, அறைக்கு ஒருவராக வாடகைக்கு விடும் வழக்கம் பரவியது. 2014-இல் பரோ முழுவதும் தனியார் வாடகை வீடுகளுக்கு உரிமம் கட்டாயமாக்கப்பட்டது. கவுன்சில் தனக்கே சொந்தமாக இருந்த தெருக்களில் உரிமம் சரிபார்க்கும் அதிகாரியாக நுழைய வேண்டியதாயிற்று.

எந்த வீடு எந்த வகை என்று அடையாளம் காணக் குப்பைத்தொட்டிகளைப் பார்த்தால் போதும் என்று நினைக்கிறேன். கூரையும் உதவும்: ஒட்டியிருக்கும் இரண்டு வீடுகளில் ஒன்றின் கூரை புதிய ஓட்டோடும் மற்றது பாசி படிந்த பழைய ஓட்டோடும் நடுவில் கோடு கிழித்தாற்போல் பிரிந்து நிற்கும். புதியது பெரும்பாலும் கவுன்சில் பராமரிக்கும் பாதி.

வெள்ளி

மழை நின்றது. குடியிருப்பின் மேற்கு விளிம்பில் இருக்கும் மேய்ஸ்புரூக் பூங்காவில் சில மணி நேரம். பல ஆண்டுகளாக நேர்க் கால்வாயாக அடைபட்டுக் கிடந்த ஓடையை 2011-இல் வளைந்தோட விட்டு, வெள்ளம் வந்தால் பரவ இடமும் ஒதுக்கியிருக்கிறார்கள். பருவநிலை மாற்றத்தை மனத்தில் வைத்து மாற்றியமைத்த பிரிட்டனின் முதல் பொதுப் பூங்கா என்று இதைச் சொல்கிறார்கள். நேற்றுப் பார்த்த முன்தோட்டங்களில் பெரும்பகுதி காருக்காகக் கான்கிரீட் போடப்பட்டவை. அங்கே விழும் மழை மண்ணுக்குள் போக வழியில்லாமல் தெருச் சாக்கடைக்குத்தான் ஓட வேண்டும். பூங்காவில் செய்ததைத் தெருக்கள் மறுபக்கம் அழித்துக்கொண்டிருக்கின்றன.

சனி

ஈஸ்ட் ஹாமில் நான் தங்கியிருக்கும் வீட்டு நண்பரின் உறவினர், யாழ்ப்பாணத்துக்காரர், பெக்கன்ட்ரீயில் வீடு வாங்கியிருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். ஈஸ்ட் ஹாமில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு அங்கே வீடு வாங்கக் கட்டுப்படியாகாமல் போனபோது, ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டே கிழக்கே நகர்ந்து இங்கே வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் உண்டு. நைஜீரியர்கள், வங்கதேசத்தவர்கள், ருமேனியர்கள் என்று பலரும் அதே கணக்கில்தான் வந்திருக்கிறார்கள். லண்டனில் தோட்டத்தோடு கூடிய வீடு இந்த விலைக்குக் கிடைக்கும் இடங்கள் அரிது.

“நாங்கள் வந்த நேரம் இந்தத் தெருவில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை, தம்பி,” என்றார் அவர். “முதல் வருசம் பக்கத்து வீட்டுக் கிழவர் முகம் குடுத்தே கதைக்க மாட்டார். பிறகு ஒருநாள் பின்வேலி காத்தில விழுந்திட்டுது. ரெண்டு பேருமாச் சேர்ந்துதான் நிமித்தினனாங்கள். அதுக்குப் பிறகு கிறிஸ்துமஸுக்கு நாங்கள் ரோல்ஸ் குடுத்தனாங்கள், அவர் தக்காளி தந்தவர்.”

அந்த முதல் ஆண்டுகளின் இறுக்கம் அவருடைய தெருவுக்கு மட்டும் உரியதன்று. 2006 உள்ளாட்சித் தேர்தலில், வெளிநாட்டவர் எதிர்ப்பையே அரசியலாகக் கொண்ட பிரிட்டிஷ் தேசியக் கட்சி இந்தப் பரோவில் 12 இடங்களைப் பிடித்தது. புதிதாக வந்த ஆப்பிரிக்கர்களுக்குக் கவுன்சில் வீடுகள் சலுகையாகத் தரப்படுகின்றன என்ற வதந்தி வீடு வீடாகப் பரப்பப்பட்டது. உண்மையில் அந்தப் புதியவர்களில் பெரும்பாலோர் தெருவில் இருந்த பழைய கவுன்சில் வீடுகளை விலைக்கு வாங்கியவர்கள் அல்லது தனியாரிடம் வாடகைக்கு எடுத்தவர்கள். தன் மகளுக்கு வீடு கிடைக்கவில்லையே என்று ஆத்திரப்பட்ட தாய்க்கு, அந்த வீடு 1980-களிலேயே விற்றுப்போய்விட்டது என்பதைவிட, எதிர்வீட்டில் குடிவந்த கறுப்பினக் குடும்பம் கண்ணுக்குத் தெரிந்த காரணமாக இருந்தது. 2010-இல் அக்கட்சி அத்தனை இடங்களையும் இழந்தது. 51 இடங்களையும் தொழிற்கட்சி வென்றது. பரோவில் தங்களை வெள்ளையின பிரிட்டிஷார் என்று குறிப்பிட்டவர்கள் 2001 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 81 விழுக்காடு; 2021-இல் அது 31-க்கு இறங்கியது. இருபது ஆண்டுகளில் இவ்வளவு வேகமாக மாறிய பகுதி இங்கிலாந்தில் அதிகம் இருக்காது.

சாப்பாட்டுக்குப் பிறகு தோட்டத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது வேலிக்கு மறுபுறம் அடுத்த வீட்டுக்காரர் வந்தார். தக்காளி தந்த கிழவர் இறந்து பல ஆண்டுகளாகின்றன. அவர் கவுன்சில் வாடகைதாரராகவே இருந்தவர் என்பதால் வீடு பட்டியலில் இருந்த அடுத்தவருக்குப் போனது. இப்போது இருப்பவர் நைஜீரியாவிலிருந்து வந்த செவிலியர். இரண்டு பிள்ளைகளோடு தற்காலிகத் தங்குமிடங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்த பிறகே இந்த வீடு அவருக்குக் கிடைத்தது. கவுன்சில் வீட்டை வாங்குவோருக்கு லண்டனில் 1,36,400 பவுண்டு வரை போயிருந்த தள்ளுபடியை 2024 நவம்பரில் அரசு இந்தப் பரோவில் 38,000 பவுண்டாகக் குறைத்தது. அந்தக் கெடுவுக்கு முன் நாடு முழுவதும் விண்ணப்பங்கள் குவிந்தன. நீங்கள் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்டேன். கடன் வாங்கும் வயதைத் தான் தாண்டிவிட்டதாகவும், வாங்கியிருந்தால் கூரையைத் தானே மாற்ற வேண்டியிருந்திருக்கும் என்றும் சொல்லிவிட்டு, கையால் மேலே காட்டினார். கவுன்சிலின் ஒப்பந்தக்காரர்கள் அவருடைய பாதிக்குச் சாரம் கட்டியிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்துக்காரர் அந்த ஒப்பந்தக்காரர்களிடமே தன் பாதிக்கும் விலை கேட்டிருக்கிறார். சாரம் ஏற்கெனவே நிற்பதால் கொஞ்சம் குறைத்துத் தருவார்கள் என்பது அவர் எண்ணம். திங்களன்று பதில் வருமாம்.